கைராசி டாக்டர் என்பவர் யார்?

கொஞ்சம் நீளமான இழை இது. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிங்க. முழுசா படிக்க முடியாதவர்கள் கடைசியில் டிஸ்சார்ஜ் பற்றி எழுதியிருப்பதை மட்டுமாவது பார்த்துடுங்க. நாளைக்கே தேவைப்படலாம்.

உங்க ஊரில் ஒரு கைராசி டாக்டர் கண்டிப்பா இருப்பார். இல்லாத ஊரே கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பழைய கட்டடம், ரெண்டு மரப்பெஞ்சு, ராத்திரி பத்து மணிக்கும் கூட்டம். அதே தெருவில் பெயருக்குப் பின்னால் நாலு பட்டம் போட்ட டாக்டரின் ஏசி கிளினிக் காத்து வாங்கும். கேட்டால், "அவரு கை பட்டாலே பாதி நோய் போயிடும்" என்பார்கள்.

படிச்சு முடிச்சு வெளியே வந்த புதிதில் எங்களில் பலருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். அவர் எழுதுவதும் அதே பாராசிட்டமால். நாங்கள் எழுதுவதும் அதேதான். இதில் ராசி எங்கே இருந்து வருது?

15 வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தாச்சு. வார்டில் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் எதை வைத்து "நல்லா பார்த்தாங்க" என்கிறார்கள், எதை வைத்து "சரியா பார்க்கல" என்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அதைப் பற்றித்தான் இன்று.

ஹோட்டலில் இட்லி நல்லா இருக்கா இல்லையா என்பது வாயில் வைத்ததும் தெரியும். உங்கள் வயிற்றுக்குள் போட்ட தையல் நல்ல தையலா என்று எப்படித் தெரியும்? ஆபரேஷன் செய்தவருக்கும் பக்கத்தில் நின்ற சிஸ்டருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஆன்டிபயாடிக் சரியானதுதானா, டோஸ் சரியா, எதுவும் தெரியாது. அதனால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதை வைத்து மார்க் போடுகிறீர்கள். இதில் தப்பே கிடையாது. நான் நோயாளியாகப் படுத்தாலும் அப்படித்தான் போடுவேன்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு இதற்கென்றே ஒரு தேசியக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 2006ல் தொடங்கியது, 2008 முதல் முடிவுகளைப் பொதுவெளியில் போடுகிறார்கள், 2012 முதல் மருத்துவமனைக்குப் போகும் அரசுப் பணத்தில் ஒரு பகுதியையே அதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அதில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? நர்ஸ் நீங்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாரா, டாக்டர் புரிகிற மாதிரி விளக்கினாரா, புது மருந்து எதற்கு என்று சொன்னார்களா, ராத்திரி அறையைச் சுற்றி சத்தம் இல்லாமல் இருந்ததா, பாத்ரூம் சுத்தமா இருந்ததா. ஆபரேஷன் எவ்வளவு திறமையாகச் செய்தார்கள் என்று ஒரு கேள்வியும் கிடையாது. கேட்டாலும் நோயாளியால் பதில் சொல்ல முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இந்தக் கேள்விகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். பாதிக்கு மேல் "சொன்னாங்களா?" என்கிற ஒரே கேள்விதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

ரெண்டு கட்டில் கதை ஒன்று சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது பார்த்தது. ஒரே நாள், ஒரே சர்ஜன், ரெண்டு பேருக்கும் குடலிறக்க ஆபரேஷன். ரெண்டு பேருக்கும் முதுகில் போடும் மயக்க ஊசி. ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயிகள்.

முதல் ஆளிடம் மயக்க ஊசி டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஐயா, ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிடும். ஆபரேஷன் முடிஞ்சும் ரெண்டு மூணு மணி நேரம் கால் இருக்கறதே தெரியாது. கிள்ளினாலும் தெரியாது. பயப்படாதீங்க, தானா வந்துடும்." அவ்வளவுதான். அரை நிமிஷம்.

ரெண்டாவது ஆளுக்குச் சொல்வதற்குள் அவசர சிசேரியன் ஒன்று வந்துவிட்டது. ஊசி போட வேறொருவர் வந்தார், போட்டார். ஊசியில் குறை இல்லை, ஆபரேஷனிலும் குறை இல்லை. வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகு அந்த மனுஷன் காலை அசைத்துப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. தொட்டுப் பார்த்திருக்கிறார். தன் கால் மாதிரியே இல்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் மெதுவாகக் கேட்டாராம், "ஏங்க, எனக்குக் கால் போயிருச்சா?" அப்புறம் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூணு மணி நேரம் அழுதிருக்கிறார். சத்தம் போட்டு அழுதால் திட்டுவாங்களோ என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு.

சில நாளில் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். ரெண்டு பேருக்கும் புண் அழகாக ஆறியிருந்தது. முதல் ஆள் "தங்கமான ஆஸ்பத்திரி" என்றார். ரெண்டாவது ஆள் "செத்துப் பிழைச்சேன்" என்றார். ரெண்டும் உண்மை.

இதை மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று மட்டும் நினைக்காதீங்க. 1964ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பாஸ்டனில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேர். பாதிப் பேரிடம் மயக்க டாக்டர்கள் முன்னாடியே போய், எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் வலி குறையும் என்று பேசினார்கள். மீதிப் பேரிடம் வழக்கமான பேச்சு மட்டும். யாரிடம் பேசினார்கள் என்பது ஆபரேஷன் செய்த சர்ஜன்களுக்குத் தெரியாது. பேசி வைத்தவர்களுக்கு மார்ஃபின் வகை வலி மருந்து கிட்டத்தட்ட பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அறுபது வருஷப் பழைய ஆய்வு. அந்தப் பேச்சு இன்னும் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் யாரும் அதற்கு விளம்பரம் செய்யவில்லை.

அடுத்தது காத்திருப்பு. அரசு மருத்துவமனை என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஓபி சீட்டு வரிசைதான், இல்லையா? தனியாரில் டோக்கன். பெயர்தான் வேற, உட்கார்வது ஒன்றுதான்.

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985ல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் மருத்துவர் இல்லை, மேலாண்மைத் துறை ஆள். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும் என்றார். காரணம் சொல்லாத காத்திருப்பு இன்னும் நீளம். நமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் உள்ளே போனால் அதைவிட நீளம். மதுரைக்கு மூணு மணி நேரம் பஸ்ஸில் போகும்போது உங்களுக்குக் கோபம் வருவதில்லை. பஸ் வருமா வராதா என்று தெரியாமல் அரை மணி நேரம் நிற்கும்போது வரும் கோபம் இருக்கே, அதுதான் இது.

எங்கள் இடத்தில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். விபத்துக் கேஸ் வந்து டாக்டர் உள்ளே ஓடினால், அவர் வெளியே வந்து வரிசையைப் பார்த்துச் சொல்வார்: "ஒரு ஆக்சிடென்ட் வந்திருக்கு. சின்னப் பையன். டாக்டர் வர முக்கால் மணி நேரம் ஆகும். டீ குடிக்கிறவங்க போய்க் குடிச்சிட்டு வாங்க, உங்க இடம் அப்படியே இருக்கும்." யாரும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. ரெண்டு பேர் அந்தப் பையனுக்கு ரத்தம் வேணுமா என்றுகூடக் கேட்டார்கள். அவர் லீவில் இருந்த ஒரு நாள் இதே மாதிரி ஒரு கேஸ். யாரும் வெளியே வந்து சொல்லவில்லை. "உள்ளே உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்கானுங்க" என்று ஒருவர் வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

காத்திருப்பிலேயே கொடுமையானது ஐசியூ வாசல். மதியம் கேட்டபோது "பரவாயில்லை, பார்த்துட்டு இருக்கோம்" என்றார்கள். ஆறு மணிக்கு "போயிட்டார்" என்கிறார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு அது காலையிலிருந்தே தெரிந்த பாதை. பிரஷர் இறங்குகிறது, மருந்தை ஏற்றுகிறோம், சிறுநீர் வரவில்லை. வெளியே இருந்தவருக்கோ அது படிக்கட்டே இல்லாத மாடியிலிருந்து விழுந்த மாதிரி. மருத்துவமனைகளில் கண்ணாடி உடைவதில் கணிசமானவை இந்த இடத்தில்தான் உடைகின்றன. அடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் 2008லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, ஜெயில் உண்டு, இருக்கணும். ஆனால் சட்டம் அடி விழுந்த பிறகு வருவது. தினமும் காலையும் மாலையும் குடும்பத்தில் ஒரே ஆளைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, "இன்னிக்கு நிலைமை நேத்தைவிட மோசம்" என்று சொல்கிற ஐசியூக்களில், சாவு வந்தாலும் கைகூப்பிவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"சொல்ல எங்க சார் நேரம்?" இது எங்கள் பக்கத்துக் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. ஒரு டாக்டர், காலை நாலு மணி நேர ஓபி, 160 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒன்றரை நிமிஷம். 2017ல் 67 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிஷம், வங்கதேசத்தில் 48 விநாடி. நாம் ஸ்வீடன் பக்கத்தில் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. டாக்டர், நர்ஸ் எண்ணிக்கை கூடாமல் இது முழுசா தீராது. அதைக் கேட்க வேண்டிய இடம் டாக்டரின் மேஜை கிடையாது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களின் மேடை.

ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறதே! கைராசி டாக்டரிடமும் கூட்டம் அதேதான்.

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் முதுகெலும்பு ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்க வரும் டாக்டரைப் பாதி நோயாளிகளிடம் நின்றபடி பேசச் சொன்னார்கள், பாதி நோயாளிகளிடம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். 2012ல் வெளியான ஆய்வு. உண்மையில் ரெண்டுக்கும் செலவான நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு நிமிஷத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். "எவ்வளவு நேரம் இருந்தார்?" என்று நோயாளிகளைக் கேட்டபோது, உட்கார்ந்து பேசிய டாக்டர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருந்ததாகச் சொன்னார்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் செய்கிற வேலை!

நோயாளியைப் பேசவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்கிற பயமும் எங்களுக்கு உண்டு. சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தார்கள். சராசரி 92 விநாடி. முக்கால்வாசிப் பேருக்கு மேல் ரெண்டு நிமிஷத்துக்குள் தாங்களே நிறுத்திவிட்டார்கள். 1984ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் டாக்டர்கள் சராசரியாக 18 விநாடியிலேயே குறுக்கே புகுந்திருந்தார்கள். நம் ஊரில் யாராவது அளந்தால் என்ன வரும் என்று எனக்கு ஒரு யூகம் இருக்கிறது, சொல்லமாட்டேன்.

அப்புறம் தொடுதல். "தொட்டுக்கூடப் பார்க்கல சார்." இந்தப் புகாரை எத்தனை பேர் எத்தனை டாக்டரைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருப்பேன்! ஸ்கேன் எடுத்தாச்சு, அதில் எல்லாம் தெரிந்துவிட்டது, இனி வயிற்றை அமுக்கிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று டாக்டர் நினைப்பார். நோயாளிக்கு வயிறுதான் வலிக்கிறது, ஸ்கேன் பேப்பர் வலிக்கவில்லை. கைராசி என்ற சொல்லிலேயே கை இருக்கிறது பாருங்கள். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கிறவருக்கு அந்தப் பட்டம் கிடைக்காது.

இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர் இருந்தார். முதியோர் மருத்துவ நிபுணர். அவருக்கே புற்றுநோய் வந்து மருத்துவமனையில் படுத்தார். தன் கட்டிலுக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் வேலையைச் செய்துவிட்டுப் போவதைக் கவனித்தார். 2013ல் "வணக்கம், என் பெயர்..." என்று தொடங்கச் சொல்லி ஒரு இயக்கம் ஆரம்பித்தார். நாடு முழுக்கப் பரவியது. 2016ல், 34 வயதில் இறந்துபோனார். நம் வார்டுகளில் நோயாளிக்கே பெயர் போய்விடுகிறது. "அந்த 14ஆம் பெட்", "அந்த சுகர் கேஸ்". ஒரு பாட்டியை "ஆத்தா, நேத்து தூங்குனீங்களா?" என்று பெயர் தெரியாமல் கேட்டாலும் போதும், அவர் அன்றைக்கு முழுக்க அந்த டாக்டர் பெயரைத்தான் சொல்வார்.

டாய்லெட் பற்றிச் சொல்லாமல் போனால் நான் பொய்யன். வார்டு டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் கிடக்கும் பெண்களை எல்லா இடத்திலும் பார்க்கலாம். சிசேரியன் ஆனவர்கள், வயதானவர்கள். விளைவு சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தையல் வலி. நாங்கள் ரவுண்ட்ஸில் "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பற்றி யாரிடம் சொல்வார்?

காசும் அப்படித்தான். அரசு மருத்துவமனையில் தள்ளுவண்டிக்கும், குழந்தையைக் கையில் கொடுப்பதற்கும் கை நீட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தொகை சிறிசு, காயம் பெரிசு. அதற்கு முன்னால் நடந்த நல்லது எல்லாவற்றையும் அந்த நூறு ரூபாய் அழித்துவிடும். தனியாரில் பிரச்சினை வேற மாதிரி: 60,000 ஆகும் என்று சொல்லி 60,000 வாங்கினால் சண்டை இல்லை. 30,000 என்று சொல்லி 50,000 கேட்டால், பத்தாயிரம் குறைவாக வாங்கியும் கெட்ட பெயர்.

இதுவரை படித்துவிட்டு, நோயாளியை சந்தோஷப்படுத்தினால் போதும், அதுதான் நல்ல மருத்துவம் என்கிறேன் என்று நினைத்தால், இல்லை. இங்கே ஒரு குழி இருக்கிறது.

"ஊசி போடலையா சார்?" "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சார், தெம்பா இருக்கும்." போட்டால் உடனே முகம் மலரும். அந்த அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ரெண்டு இட்லி சாப்பிட்டால் தோராயமாக அவ்வளவு தெம்பு வந்துவிடும், நரம்பில் குத்தாமலேயே. ஒரே நாளில் மூட்டுவலியைப் பறக்கவிடும் போலி டாக்டரின் ஊசியில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அவரும் கைராசிக்காரர் என்றுதான் பெயர் வாங்குவார், சுகர் எகிறும் வரைக்கும், எலும்பு தேயும் வரைக்கும்.

2012ல் அமெரிக்காவில் 51,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று எங்கள் துறையில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. தங்கள் டாக்டரிடம் மிக அதிகத் திருப்தி என்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம் செலவு செய்திருந்தார்கள், அதிகம் அட்மிட் ஆகியிருந்தார்கள், அவர்களில் இறப்பும் 26 சதவீதம் அதிகம். திருப்திதான் கொன்றது என்று அதற்கு அர்த்தம் கிடையாது, அந்த வகை ஆய்வு காரணத்தை நிரூபிக்காது. ஆனால் கேட்டதையெல்லாம் கொடுக்கும் டாக்டருக்கும் நல்ல மார்க் விழும் என்பது நிஜம். முன்னே சொன்ன அந்தக் கணக்கெடுப்பிலேயே வலி பற்றிய கேள்விகள் இருந்தன. நல்ல மார்க்குக்காக ஓபியாய்டு மாத்திரைகளை வாரிக் கொடுக்கிறார்களோ என்ற பயத்தில் 2018 முதல் அந்தக் கேள்விகளைப் பணக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதே அமெரிக்காவில், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியாவுக்காகச் சேர்ந்தவர்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், டிஸ்சார்ஜ் சமயத்தில் விளக்கிச் சொன்னதில் திருப்தி அதிகமாக இருந்த மருத்துவமனைகளில், 30 நாளுக்குள் திரும்ப வந்து சேர்வது குறைவாக இருந்தது. ஆக, எதைக் கொடுத்து அந்தத் திருப்தியை வாங்கினோம் என்று பார்க்கணும்.

சளி, இருமலோடு ஒரு குழந்தை வருகிறது. வைரஸ்தான். ஆன்டிபயாடிக் தேவையில்லை. "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும், போங்க" என்று அனுப்பினால், அந்த அம்மா நாலாம் நாள் வேற டாக்டரிடம் போவார், எட்டாம் நாள் மூணாவது டாக்டரிடம் போவார், அவர் எழுதும் ஆன்டிபயாடிக்கில் "சரியாகிவிடும்". தானாகச் சரியாகும் நாளும் அதுதான். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "இருமல் பத்து நாள் இருக்கும்மா. சில பிள்ளைகளுக்கு மூணு வாரம்கூட இழுக்கும். அது சகஜம். ஆனா மூச்சு வேகமா வாங்கினா, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தா, பால் குடிக்கலைன்னா, ரொம்ப சோர்ந்து கிடந்தா, ராத்திரி ஆனாலும் வந்துடுங்க." ஊசி இல்லை, பாட்டில் இல்லை. அந்த அம்மா திருப்தியாகத்தான் போவார். ஏன்னா ஏழாம் நாளும் இருமும்போது "டாக்டர் சொன்னாரே" என்று இருக்கும். எனக்குத் தெரிந்த கைராசிக்காரர்களில் நல்லவர்கள் செய்வது இதைத்தான். நாளைக்கு என்ன நடக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடுவார்கள். அது நடக்கும்போது டாக்டர் மேல் நம்பிக்கை கூடும்.

இதெல்லாம் வெறும் மனத்திருப்தி விவகாரமாக இருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். சுகர். உள்ளங்காலில் முள் குத்தி ஒரு புண். சுகரில் நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியவில்லை, பத்துப் பதினைந்து நாள் விட்டுவிட்டார். ஒரு மருத்துவமனைக்குப் போனார். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே இருந்தவர் புண்ணைப் பார்த்ததும் எல்லார் முன்னாடியும் கத்தியிருக்கிறார்: "இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்த? அறிவு இருக்கா? காலை வெட்டுனாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்." கட்டுப் போட்டு, நாளை வரச் சொல்லி அனுப்பினார்கள். சிகிச்சை சரியான சிகிச்சைதான்.

அவர் அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டிருக்கிறார். மூணு வாரம் கழித்து மகன் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தபோது பாதம் கறுத்திருந்தது, வாடை வார்டு முழுக்க அடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா திரும்பப் போகல?" என்று கேட்டேன்.

"திட்டுவாங்கய்யா. வெட்டிருவேன்னு வேற சொன்னாங்க. பயந்து போய்ட்டேன்யா."

மருத்துவப் புத்தகத்தில் சுகர் புண்ணுக்கு ஆபத்துக் காரணிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். சுகர் அளவு, ரத்த ஓட்டம், புகை. அதில் "திட்டு" கிடையாது. ஆறு மாசம் விடாமல் சாப்பிட வேண்டிய காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிக் கதையில் யாரோ யாரையோ திட்டியிருப்பார்கள். பிரசவ அறை பற்றி ஒரு தகவல்: 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்ததில், வலி நேரத்தில் கூடவே ஒருவர் துணைக்கு இருந்தவர்களுக்கு சிசேரியன் குறைவு, பிரசவ நேரமும் கொஞ்சம் குறைவு, அந்த அனுபவம் கசப்பாக இருந்தது என்றவர்களும் குறைவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

இனி டிஸ்சார்ஜ்.

மனிதர்களின் ஞாபகம் விசித்திரமானது. பெருங்குடலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்துகொண்ட 682 பேரிடம் ஒரு சோதனை, 2003ல் வெளிவந்தது. செய்தவர்களில் ஒருவர் டேனியல் கானமன், உளவியல்காரர், அதற்கு முந்தைய வருஷம் பொருளாதார நோபல் வாங்கியவர். பாதிப் பேருக்குப் பரிசோதனை முடிந்த பிறகும் டியூபின் நுனியை அசைக்காமல் கொஞ்ச நேரம் விட்டு வைத்தார்கள். மொத்த நேரம் அதிகம், ஆனால் கடைசிப் பகுதியில் வலி குறைவு. அவர்கள்தான் "அவ்வளவு மோசமில்லை" என்றார்கள். உச்சத்தில் எப்படி இருந்தது, கடைசியில் எப்படி இருந்தது, இந்த ரெண்டும்தான் மனசில் தங்குகிறது.

நம் மருத்துவமனைகளில் கடைசிக் கட்டம் எப்படி இருக்கிறது? காலை ஒன்பது மணிக்கு "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். பையெல்லாம் கட்டி, வேன் சொல்லி, சாயங்காலம் ஐந்து வரை பில்லுக்கும் இன்சூரன்ஸ் அப்ரூவலுக்கும் உட்கார்ந்திருப்பீர்கள். பத்து நாள் உயிரைக் கொடுத்துப் பார்த்த சிஸ்டர்கள் மறந்துபோவார்கள், அந்த எட்டு மணி நேரம்தான் ஊரெல்லாம் பேசப்படும்.

தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முதல் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மருத்துவமனை கேட்ட மூணு மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி கொடுக்க வேண்டும். அதைத் தாண்டித் தாமதமாகி, மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது கம்பெனியின் செலவு. கவுண்டரில் மரியாதையாக இதைச் சொல்லிக் கேளுங்கள்: "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?"

வீட்டுக்குக் கிளம்பும் முன் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்த சுகர், பிரஷர் மாத்திரைகளைத் தொடரணுமா நிறுத்தணுமா (இதில்தான் அதிகம் குழப்பம் வருகிறது). என்ன மாதிரி அறிகுறி வந்தால் மறு பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரணும். "உங்களுக்குப் புரியாது" என்று யாராவது சொன்னால், "புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஞாபகசக்தி நல்லா இருக்கும் ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நோய்வாய்ப்பட்டவருக்குச் சொன்னதில் பாதி நிற்காது.

மருத்துவப் பதிவேடுகளின் நகல் கேட்பது உங்கள் உரிமை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பற்றிய புகாரை 104க்கு அழைத்துச் சொல்லலாம். நல்லா பார்த்துக்கொண்டவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டு, மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க. அந்தச் சிஸ்டருக்கு அது எங்கள் டிபார்ட்மென்டில் அபூர்வமாகக் கிடைக்கிற சமாச்சாரம்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிலிம், ரத்தப் பரிசோதனை பேப்பர் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எங்கள் பக்கம் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வருவார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே நிம்மதி. அடுத்த தடவை எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையோடு போங்க.